லென்ஸை இறுக்கிய வெளிச்சம் கண்ணைச் சுடாது

ஆசிரியர் அவர்கட்கு,

கொன்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நின்றால் அது உருகிக் கருவிழியில் ஒட்டிவிடும் என்ற பழைய வதந்தி திரும்பவும் வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இம்முறை அதற்கு ஒரு புது வாலும் முளைத்திருக்கிறது. லென்ஸ் செய்யும்போது "வெளிச்சம் பட்டால் வேலைசெய்யும் இரசாயனம்" ஒன்றைச் சேர்க்கிறார்களாம். ஆனபடியால் யாழ்ப்பாணத்து வெயிலில் லென்ஸோடு திரிந்தால் அது கண்ணுக்குள்ளேயே வேலையைத் தொடங்கிவிடுமாம். அப்படி ஒரு இரசாயனம் இருப்பது உண்மை. மீதி பிழை. இரசாயனவியல் படிப்பிக்கிறவர்கள் என்ற வகையில் இதைக் கொஞ்சம் விரிவாக விளக்க இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

மென் லென்ஸ் திரவமாகத்தான் பிறக்கிறது. செக் நாட்டு இரசாயனவியலாளர் ஒட்டோ விக்டெர்லேயும் அவருடைய சகா டிரஹோஸ்லாவ் லிம்மும் 1960 இல் அறிவித்த பல்பகுதியம்தான் இந்தத் துறைக்கு அடி. பல்பகுதியம் என்பது சின்ன மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோர்த்த பொருள், அந்தச் சின்ன மூலக்கூறுதான் ஒருபகுதியம். ஐதரொட்சி எதைல் மெதக்கிரிலேற்று என்ற தெளிந்த திரவம் அதன் ஒருபகுதியம். தொழிலில் இதைச் சுருக்கமாக ஹேமா என்பார்கள். இறுகியபின் தன் நிறையில் ஏறத்தாழ 38 சதவீதம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மெத்தென்று கிடக்கும். 1961 நத்தார் நாட்களில் விக்டெர்லே வீட்டு மேசையில் பிள்ளைகள் துண்டுகளைப் பூட்டி விளையாடும் மேர்க்கூர் சாமானையும் ஒரு சைக்கிள் டைனமோவையும் பொருத்தி, சுழலும் அச்சுக்குள் இந்தத் திரவத்தை விட்டு லென்ஸ் வார்த்துக் காட்டினார். பத்து வருடம் கழித்து, 1971 இல், அமெரிக்காவில் மென் லென்ஸை விற்க அனுமதி கிடைத்தது.

அந்தத் திரவம் தானாக இறுகாது. ஒருபகுதிய மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துச் சங்கிலியாக வேண்டுமானால் யாரோ முதலில் தட்டிவிட வேண்டும். உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்கள் மெதேனையும் குளோரினையும் நினைத்துப் பார்க்கலாம். இருட்டில் இரண்டும் சும்மா கிடக்கும். வெளிச்சம் பட்டதும் குளோரின் மூலக்கூறு இரண்டாகப் பிளந்து சுயாதீன மூலிகங்கள், அதாவது சோடி சேராத இலத்திரனோடு எதையும் உடனே பிடிக்கத் துடிக்கும் துண்டுகள், பிறக்கும், பிறகு சங்கிலித் தாக்கம் ஓடும். லென்ஸ் அச்சுக்குள்ளும் இதே மூன்று படிகள்தான்: தொடக்கல், பரவல், முடிவு. குளோரினுக்குப் பதிலாக அந்தத் தொடக்கலைச் செய்யும் சேர்வையை ஒளித்தொடக்கி என்று சொல்லலாம்.

ஒளித்தொடக்கிகளில் இரண்டு சாதி உண்டு. முதலாவது, ஒளியை விழுங்கித் தானே பிளந்துபோவது. டாரோகியூர் 1173, இர்ககியூர் 184 என்ற வர்த்தகப் பெயர்களால் துறையில் எல்லோருக்கும் தெரிந்தவை இந்த வகை. 365 நனோமீற்றர் அலைநீளமுள்ள புறஊதா ஒளியின் சக்தி மூலுக்கு ஏறத்தாழ 328 கிலோயூல். காபனும் ஒட்சிசனும் இரட்டைப் பிணைப்பில் நிற்கும் காபனைல் கூட்டத்துக்குப் பக்கத்திலிருக்கும் பலவீனமான காபன்–காபன் பிணைப்பை முறிக்க அது போதும். இர்ககியூர் 2959 அதே குடும்பம், ஆனால் தண்ணீரில் கரையும். இர்ககியூர் 819 பொசுபீன் ஒட்சைட்டு வகை. கண்ணுக்குத் தெரிகிற ஊதா ஒளியையும், ஏறத்தாழ 430 நனோமீற்றர் வரைக்கும், அது விழுங்கும்.

இரண்டாவது சாதி தானாகப் பிளக்காது. ஒளியை விழுங்கிவிட்டு, பக்கத்திலிருக்கும் அமைன் என்ற நைதரசன் சேர்வையிடமிருந்து ஐதரசன் அணுவைப் பறிக்கும். பறிகொடுத்த அமைன்தான் மூலிகமாகிச் சங்கிலியைத் தொடங்கும். கம்பர்குயினோன் இதற்கு நல்ல உதாரணம். நல்லூரில் கொளுத்துகிற கற்பூரத்தை ஒட்சியேற்றினால் கிடைக்கும் மஞ்சள் தூள் அது. பல் வைத்தியர் பல்லை அடைத்துவிட்டு நீல வெளிச்சம் பிடிக்கிறாரே, அந்த அடைப்புக்குள் இருப்பது பெரும்பாலும் இதுதான். 468 நனோமீற்றர் அளவில் இது ஒளியை மிக நன்றாக விழுங்கும், அதனால்தான் அந்த விளக்கு நீலமாக இருக்கிறது. லென்ஸுக்கும் இதைப் பயன்படுத்தலாம் என்றாலும் மஞ்சள் சாயல் தங்கிவிடுவது குறை.

எவ்வளவு சேர்ப்பார்கள் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். பொதுவாக நிறையில் அரை சதவீதம், கூடினால் ஒரு சதவீதம். ஹேமாவின் மூலர்த் திணிவு 130, 1173 இனுடையது 164. அரை சதவீதம் என்றால் ஏறத்தாழ 250 ஒருபகுதிய மூலக்கூறுகளுக்கு ஒரு தொடக்கி மூலக்கூறு. அச்சுக்குள் விழும் துளி 50 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் அதிலுள்ள தொடக்கி கால் மில்லிகிராம். இந்தக் கால் மில்லிகிராமைப் பற்றித்தான் இவ்வளவு பயமும்.

இனித் தொழிற்சாலைக்குள் போவோம். அறை முழுக்க மஞ்சள் வெளிச்சம். நீலமும் புறஊதாவும் கலந்த வெள்ளை மின்குமிழைப் போட்டால் கலவை தொட்டியிலேயே இறுகத் தொடங்கிவிடும். ஹேமா, சங்கிலிகளைக் குறுக்கே கட்டுவதற்குச் சிறிதளவு எதிலீன் கிளைக்கோல் டைமெதக்கிரிலேற்று, ஒளித்தொடக்கி, சிலவேளை தாக்கத்தில் சேராமல் கலவையை ஐதாக்க மட்டும் நிற்கும் ஒரு திரவம் (ஐதாக்கி), இவற்றைக் கலந்து கரைந்திருக்கும் ஒட்சிசனை வெளியேற்றுவார்கள். அச்சு என்பது பொலிபுரொப்பிலீனில் வார்த்த இரண்டு சின்னக் கிண்ணங்கள். கீழ்க் கிண்ணத்தில் ஒரு துளியை விட்டு மேல் கிண்ணத்தை மூடி அமத்தினால், இரண்டுக்கும் இடையில் எஞ்சும் மெல்லிய பிறை வடிவ இடைவெளிதான் லென்ஸ். நைதரசன் நிரப்பிய சுரங்கம் போன்ற பாதையில் இந்த அச்சுகள் ஊர்ந்துபோகும். மேலிருந்து விளக்கு வெளிச்சம், சதுர சென்ரிமீற்றருக்குச் சில மில்லிவாற்று மட்டும், சில நிமிடங்களுக்கு. வெளியே வரும்போது உள்ளே ஒரு கண்ணாடிச் சில்லுப்போன்ற காய்ந்த வில்லை இருக்கும்.

விளக்கைக் கூட்டி இன்னும் கெதியாக முடிக்கலாமே என்று கேட்பார்கள். இந்தவகைத் தாக்கத்தின் வேகம் ஒளிச்செறிவின் வர்க்கமூலத்தோடுதான் கூடும். ஒளியை நான்கு மடங்காக்கினால் வேகம் இரண்டு மடங்குதான். அதேவேளை மூலிகங்கள் நெருக்கமாகி ஒன்றையொன்று முடித்துக்கொள்ளும், சங்கிலிகள் பாதியாகக் குட்டையாகும். குட்டைச் சங்கிலிகளால் பின்னிய லென்ஸ் கிழியும். ஹேமா இறுகும்போது கனவளவில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சுருங்குவதும் உண்டு. அவசரமாக இறுக்கினால் அந்தச் சுருக்கம் அச்சை விட்டு லென்ஸைப் பிடுங்கி விளிம்பில் பள்ளம் விழுத்தும். அதற்காகத்தான் ஐதாக்கி சேர்ப்பதும், ஒளியை மட்டாக வைத்திருப்பதும்.

தொடக்கியைக் கூட்டிப் போட்டாலும் கதை கெடும். மேற்பரப்பே ஒளி முழுவதையும் விழுங்கிவிட, அடியில் இருப்பது இருட்டில் கிடக்கும். லென்ஸ் மெல்லியது என்பதால் அங்கே இது பெரிய பிரச்சினையில்லை. கைத்தொலைபேசிக் கண்ணாடி ஒட்டும் பசையிலும் பல் அடைப்பிலும் இது அன்றாடப் பிரச்சினை. பல் வைத்தியர் ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் தடிப்பாகப் படை படையாக வைத்து ஒவ்வொரு படைக்கும் தனித்தனியாக வெளிச்சம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இர்ககியூர் 819 க்கு இங்கே ஒரு நல்ல குணம் உண்டு. பிளந்தபின் அதன் துண்டுகள் அந்த ஒளியை விழுங்கமாட்டா. மேல்படை வெளிற, ஒளி அடுத்த படைக்கு இறங்கும்.

ஒட்சிசன்தான் இந்தத் தொழிலின் பெரிய எதிரி. வளர்கிற சங்கிலியின் நுனியில் ஒட்சிசன் வந்து ஒட்டினால் சோம்பேறியான பெரொட்சி மூலிகம் ஒன்று உண்டாகும், அத்தோடு சங்கிலி நின்றுவிடும். பொலிபுரொப்பிலீன் அச்சு தன் உடம்புக்குள்ளேயே காற்றை வைத்திருக்கும் என்பதால், கலவையிலிருந்து மட்டுமன்றி வெறும் அச்சிலிருந்தும் ஒட்சிசனை முன்கூட்டியே எடுக்கிறார்கள். இதை விட்டுவிட்டால் லென்ஸின் தோல் இறுகாமல் பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்பைப் பார்க்கத் தொழிற்சாலைக்குப் போகத் தேவையில்லை. அழகு நிலையத்தில் ஜெல் நகப்பூச்சு விளக்கிலிருந்து வெளியே வந்ததும் மேலே ஒட்டும் ஈரம் ஒன்று நிற்கும், அதை ஐசோபுறொப்பைல் அற்ககோலால் துடைப்பார்கள். ஒட்சிசன் இறுகவிடாமல் தடுத்த படை அது.

லென்ஸுக்குள் புறஊதாக் கதிரைத் தடுக்கும் பென்சோதிரையசோல் சேர்வை இருந்தால் இன்னொரு சிக்கல் வருகிறது. புறஊதா விளக்கில் இறுக்க முயன்றால் தடுப்பான் ஒளியைத் தொடக்கிக்கு முன்னால் பறித்துக்கொள்ளும். ஆகவே தடுப்பானின் கை எட்டாத 400 நனோமீற்றருக்கு மேற்பட்ட ஊதா ஒளியையும், அதில் பிளக்கும் 819 போன்றவற்றையும் நாடுகிறார்கள். வெயிலில் திரிகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். முதல்வகைப் புறஊதாத் தடுப்பு என்று குறித்த லென்ஸ் புறஊதா ஏ கதிரில் குறைந்தது 90 சதவீதத்தையும் புறஊதா பீ கதிரில் 99 சதவீதத்தையும் மறிக்க வேண்டும். வெயில் பட்டால் கண்ணைக் கெடுக்கும் என்று பழிக்கப்படுகிற பொருள்தான் கருவிழியை வெயிலிலிருந்து காக்கிறது. கண்ணின் வெள்ளைப் பகுதி லென்ஸுக்கு வெளியே நிற்பதால் கறுப்புக் கண்ணாடியும் தேவைதான்.

இறுகியாயிற்று. உள்ளே எஞ்சுவது என்ன? இந்தக் கேள்வியைத்தான் வதந்தி கேட்டிருக்க வேண்டும். சங்கிலியில் சேராத ஹேமா கொஞ்சம், பிளக்காமல் தப்பிய தொடக்கி கொஞ்சம், பிளந்தும் சங்கிலியில் சேராத துண்டுகள் கொஞ்சம். 1173 பிளந்தால் அவற்றில் ஒன்று பென்சல்டிகைட்டு, வாதுமை வாசனைக்குப் பேர்போன அதே பொருள். இவை எதுவும் கண்ணில் இருக்கக்கூடாது. எஞ்சிய ஹேமா ஒவ்வாமையை உண்டாக்கும். ஜெல் நகப்பூச்சு போடுகிற சிலருக்கு விரல்நுனி வெடித்துக் கடிப்பதற்கு அதுவே காரணம். அதனால் லென்ஸை வெந்நீரில், அல்லது ஐசோபுறொப்பைல் அற்ககோலும் தண்ணீரும் கலந்த குளியலில், மாற்றி மாற்றி ஊறவைத்து இவற்றைக் கழுவி எடுக்கிறார்கள். பிறகு தாங்கற் கரைசலான, அதாவது அமில, கார நிலை எளிதில் மாறாத, உப்புநீரில் ஊறி லென்ஸ் தன் உரிய அளவுக்கு உப்பும். கரைந்து வெளியேறக்கூடிய பொருட்கள் எவ்வளவு எஞ்சுகின்றன என்று அளக்க ஐ.எஸ்.ஓ. 18369 தரமும், உயிரிழையங்களுக்கு அவை தீங்கு செய்கின்றனவா என்று பார்க்க ஐ.எஸ்.ஓ. 10993 தரமும் உண்டு. பொலிவைனைல் அற்ககோலிலிருந்து செய்யும் நெல்பில்கோன் வகை ஒருநாள் லென்ஸில் இந்தக் கழுவலின் தேவையையே குறைத்துவிட்டார்கள். அங்கே சின்ன ஒருபகுதியத்துக்குப் பதிலாக, முன்பே பெரிதாகக் கோர்த்துச் சுத்தமாக்கிய மூலக்கூறு தண்ணீரில் கரைந்த நிலையில் அச்சுக்குள் போய், சில செக்கன்களில் இறுகுகிறது.

லென்ஸ் சரியாக இறுகியதா என்பது இந்த உப்பும் கட்டத்தில்தான் காட்டிக்கொடுக்கும். குறுக்குப் பிணைப்புக் குறைந்தால் லென்ஸ் கூடத் தண்ணீர் குடித்து அளவுக்கு மேல் விரியும். பக்கற்றில் பீ.சி. 8.6, டயா 14.2 என்று அச்சிட்டிருப்பது உள்வளைவின் ஆரையும் விட்டமும் மில்லிமீற்றரில். விரிந்த லென்ஸில் இந்த இரண்டும் பொய்யாகும், பார்வைத் திறனின் எண்ணும் பொய்யாகும், லென்ஸ் கண்ணில் தளர்ந்து ஆடும்.

கடைசியில் லென்ஸைக் குட்டிக் கிண்ணத்தில் உப்புநீரோடு அடைத்து, மேலே தகடு ஒட்டி, நீராவி அமுக்கத்தில் 121 பாகை செல்சியசில் அவித்துக் கிருமி நீக்குகிறார்கள். அடுப்புக்கு முன்னால் உருகும் என்கிறவர்களுக்கு இதுவே பதில். கொதிநீரை விடச் சூடான கிண்ணத்துக்குள் கிடந்து வந்த பொருள் அது. குறுக்கே பிணைந்த பல்பகுதியம் மெழுகுபோல உருகுவதில்லை. கண்ணீர் படிந்திருக்கும் கண்ணில் அந்த வெப்பம் வருவதற்கு எவ்வளவோ முன்பே மனிதன் ஓடிவிடுவான்.

வெயிலைப் பற்றிய பயத்துக்கும் பதில் மேலே சொன்னவற்றிலேயே இருக்கிறது. ஒளித்தொடக்கி ஊக்கி அல்ல. ஊக்கி வேலை முடிந்தபின்னும் இருக்கும். தொடக்கி ஒருமுறை பிளந்தால் தீர்ந்தது, நெருப்புக்குச்சி மாதிரி. விளக்கில் தீர்ந்தது போக எஞ்சியது கழுவலில் போகிறது. ஒழுங்காகச் செய்த லென்ஸில் வெயில் தூண்டிவிட எதுவும் இல்லை.

ஒழுங்காகச் செய்த லென்ஸ் என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் கவலை அங்கேதான். மணப்பெண் அலங்காரத்துக்கென்று பெட்டியும் இலக்கமும் இல்லாமல் கைமாறுகிற கலர் லென்ஸ் எந்த விளக்கில் எவ்வளவு நேரம் இறுகியது, எத்தனை தரம் கழுவப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. வண்ண வளையத்தின் நிறப்பொருள் ஒளியை மறைக்கும் என்பதால், தொடக்கியையும் விளக்கையும் பொருத்தமாகத் தெரிந்தெடுக்காவிட்டால் அதன் நிழலில் இருக்கும் படை அரைகுறையாக இறுகும். கண்ணால் பார்த்து இதைப் பிடிக்க முடியாது. ஒரே சோடி லென்ஸை ஒரு கலியாணத்திலிருந்து இன்னொரு கலியாணத்துக்கு, ஒரு பிள்ளையின் கண்ணிலிருந்து இன்னொரு பிள்ளையின் கண்ணுக்கு மாற்றுவது அதைவிட மோசம். இலங்கையில் மருத்துவ சாதனங்களை ஒழுங்குபடுத்துவது 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. கண்ணில் வைக்கும் லென்ஸைப் பொட்டுப் பக்கற்றைப் போல விற்க விடக்கூடாது. வடக்கிலும் இதைப் பரிசோதிக்குமாறு உரியவர்களை உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்கிறோம்.

நகப்பூச்சு, பசை, ரெசின் வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு சொல். அவர்களுடைய போத்தலுக்குள் இருப்பது கழுவப்படாத, தீராத தொடக்கி. டீ.பீ.ஓ. என்ற பொசுபீன் ஒட்சைட்டுத் தொடக்கியை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்ரெம்பர் 1 முதல் அழகுசாதனப் பொருட்களில் தடைசெய்திருக்கிறது, இனப்பெருக்கத்துக்குத் தீங்கானது என்று வகைப்படுத்தியதால். ஜெல் நகப்பூச்சு வாங்கும்போது உள்ளடக்கப் பட்டியலில் அதைத் தேடிப் பாருங்கள். தோலில் பட்டால் விளக்குக்குள் கையை வைக்க முன் துடைத்துவிடுங்கள். விளக்கும் பொருளும் பொருந்தவேண்டும். 405 நனோமீற்றர் விளக்கின் கீழ் இர்ககியூர் 184 மட்டும் உள்ள பசையை எவ்வளவு நேரம் வைத்தாலும் உள்ளே பச்சையாகவே கிடக்கும். போத்தலை வெயில் விழும் யன்னலோரம் வைக்கவேண்டாம், மத்தியான வெயிலிலேயே அது கட்டியாகிவிடும்.

லென்ஸ் போடுகிறவர்கள் வாங்கும்போது பார்க்கவேண்டியவை இவை: தகடு பிரியாத கிண்ணம், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, கிருமி நீக்கியது என்ற குறி, பீ.சி.யும் டயாவும் உங்கள் சீட்டில் எழுதியதோடு ஒத்திருப்பது. தகட்டை உரித்தபின் லென்ஸைச் சுட்டுவிரல் நுனியில் கிண்ணம்போல நிறுத்திப் பாருங்கள். விளிம்பு நேராக மேலே எழுந்து நின்றால் சரி. தட்டுப்போல வெளியே மடிந்தால் உட்புறம் வெளியே திரும்பியிருக்கிறது. கிழிசலோ ஒட்டும் தன்மையோ இருந்தால் போடாமல் எறியுங்கள். போட்டபின் எரிந்தால் உடனே கழற்றுங்கள். அப்போது கை கிணற்றடிக்குப் போகும், அதுதான் பெரிய பிழை. கிணற்றுத் தண்ணீரிலும் குழாய்த் தண்ணீரிலும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம், லென்ஸோடு சேர்ந்து கருவிழிக்குள் புகுந்தால் பார்வையையே எடுத்துவிடும். லென்ஸுக்குரிய கரைசலைத் தவிர வேறெதிலும் அதைக் கழுவவேண்டாம். எரிவும் சிவப்பும் மாறாவிட்டால் கழற்றிய லென்ஸையும் அதன் பெட்டியையும் எறியாமல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே கண் கிளினிக்குக்குப் போங்கள். எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க அந்தப் பெட்டி வைத்தியருக்குத் தேவைப்படும்.

இங்ஙனம்,
இரசாயனவியல் ஆசிரியர்கள் இருவர்,
யாழ்ப்பாணம்.